வயோமிங்கில் நிஜப் போட்டி எப்போ?

கேள்வி: 2021ல கோவை மாவட்டத்துல பத்துத் தொகுதியும் ஒரே கூட்டணிக்குப் போச்சுங்க. அமெரிக்காவுல வயோமிங்கும் அப்படித்தானுங்களா? போட்டியே இருக்காதா?

பதில்: இருக்குதுங்க, ஆனா நவம்பர் பொதுத் தேர்தல்ல இல்ல, ஆகஸ்ட்ல. கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யுற முதன்மைத் தேர்தல்தான் அங்க எல்லாமே. மாநிலம் முழுக்க ஒரே நாடாளுமன்றக் கீழவைத் தொகுதி. 1979 தொட்டு குடியரசுக் கட்சி கையிலதான். 2022ல உறுப்பினரா இருந்த லிஸ் செனி, அதே கட்சி ஹாரியட் ஹேக்மேன்கிட்ட ஆகஸ்ட்லயே தோத்தாங்க.

இன்னொரு பதில்: ரெண்டாஞ்சுற்று கிடையாதுங்க. ஓட்டுப் பிரிஞ்சா பாதிக்குக் கீழ வாங்குனவரும் ஜெயிப்பாரு. 2016ல செனியே சுமார் 40 சதத்துல வந்தாங்க. ஒரு கட்சியில பதிஞ்ச வாக்காளர்தான் அதோட முதன்மைத் தேர்தல்ல ஓட்டுப் போடலாம்; முன்னெல்லாம் அந்தப் பதிவை வாக்குச்சாவடியிலயே மாத்திக்கலாம். 2023 சட்டப்படி மே மாசம் வேட்புமனு தொடங்குறதுக்கு முன்னாலயே மாத்திக்கோணும்.

கேட்டவர்: அப்ப மே மாசத்தை விட்டா ஆகஸ்ட் போச்சுங்களா! நன்றிங்ண்ணா.