மாஸ்க் மங்குகிறது, தண்ணீர் கசிகிறது

கேள்வி:
தீவுகளுக்கிடையே ஒரு வாரப் படகுப் பயணம். புது ஸ்நார்கெல் மாஸ்க் (மிதந்தபடி கடலடியைப் பார்க்க அணியும் கண்ணாடி முகமூடி) ஐந்தே நிமிடத்தில் மங்கிவிடுகிறது, மூக்குக்குக் கீழே தண்ணீரும் வருகிறது. இன்னொன்று: கடைசி நாள் ஸ்கூபா டைவிங் (காற்று சிலிண்டருடன் ஆழத்தில் மூழ்குவது) முடித்து அன்றிரவே விமானம் ஏறலாமா?

பதில் 1:
புது மாஸ்க்கின் கண்ணாடியில் சிலிகோன் படலம் ஒட்டியிருக்கும். ஜெல் அல்லாத வெள்ளை டூத்பேஸ்ட்டை உட்பக்கம் விரலால் தேய்த்துக் கழுவுங்கள், மூன்று நான்கு தடவை. பிளாஸ்டிக் லென்ஸிலோ பூச்சுள்ள கண்ணாடியிலோ வேண்டாம், கீறல் விழும். பிறகு ஒவ்வொரு முறை இறங்குமுன் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி லேசாக அலசினால் போதும். நெற்றியில் ஏற்றி வைக்காதீர்கள். உடல் சூட்டில் ஆவி படியும்.

பதில் 2:
கசிந்தால் பட்டையை இறுக்கத் தோன்றும். அதுதான் தப்பு, ஓரம் மடங்கி இன்னும் கசியும். பட்டை இல்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்தும் விழாவிட்டால் அளவு சரி. முடி உள்ளே சிக்கியிருக்கிறதா பாருங்கள். மீசை என்றால் மூக்கடியில் கொஞ்சம் மழித்துவிடுங்கள்.

பதில் 3:
அன்றிரவு விமானம் வேண்டவே வேண்டாம். ஆழத்தில் உடல் திசுக்களில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோலக் குறையலாம்; மிச்ச நைட்ரஜன் குமிழியாகி மூட்டு, நரம்பு எல்லாம் பாதிக்கும். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. நான் 24 என்றே சொல்வேன். டைவிங்கை முன்னால் போடுங்கள், கடைசி நாளுக்கு ஸ்நார்கெலிங். மேற்பரப்பில் மிதப்பதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை.