வீட்டுத் தரிசிப்பில் சோடா தந்தார்கள்: களக்குறிப்பில் எப்படி எழுதுவது?

கேள்வி: கோப்பாய்ப் பிள்ளை

வணக்கம். சமூகப்பணி டிப்ளோமா இரண்டாவது வருடம் படிக்கிறேன். களப்பயிற்சிக்கு யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்குப் போய் வருகிறேன். 1990இல் சண்டைக்குப் பயந்து எழும்பி ஓடி, 25 வருசத்துக்கு மேல் முகாமில் இருந்துவிட்டு வந்த சனம்.

போன கிழமை ஒரு வீட்டுத் தரிசிப்பு. கணவரை இழந்த அம்மா ஒருவர், நுண்கடன் பிரச்சினை. நான் கதிரையில் இருந்ததும் அவர் மகனுக்குக் கண்ணைக் காட்டினார். பெடியன் சைக்கிளில் போய் ஒரு நெக்டோப் போத்தலோடு வந்தான். என் முன்னாலேயே மூடியைத் திறந்து, போத்தலோடேயே தந்தார்கள். குடித்தேன். களக்குறிப்பில் "குடும்பத்தார் அன்பாக உபசரித்தார்கள், சோடா வாங்கித் தந்தார்கள்" என்று எழுதினேன்.

கொப்பி திரும்பி வந்தபோது 'சோடா' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் "ஏன் சோடா?" வேறு ஒன்றும் இல்லை.

ஒடுக்குமுறைக்கு ஐந்து முகம் என்று அரசியல் தத்துவம் எழுதிய ஐரிஸ் மேரியன் யங் சொன்னதை வகுப்பில் படித்தோம்: சுரண்டல், ஓரங்கட்டல், அதிகாரமின்மை, பண்பாட்டு மேலாதிக்கம், வன்முறை. உதாரணம் எழுதச் சொன்னபோது எல்லாருக்கும் கை ஓடியது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1956 தனிச்சிங்களச் சட்டம், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், 83 கலவரம். எனக்கு முழுப் புள்ளி. ஆனால் இந்தச் சோடாவை அந்த ஐந்தில் எதற்குள் போடுவது? நான் யாரையும் ஒதுக்கவில்லையே. அந்த அம்மாவிடம் "நீங்கள் எந்தப் பகுதி ஆக்கள்" என்று கேட்பதா? குறிப்பில் சாதியை எழுதலாமா?

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நல்ல காலம், சோடாதானே" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு என்னவோ செய்யத் தொடங்கியது.

பதில்: இளைப்பாறிய உத்தியோகத்தர்

பிள்ளை, நேரே கேட்காதீர்கள். கேட்டால் அந்த வீட்டுக்கு மறுபடி போக முடியாது. கண்ணால் பாருங்கள். கிணறு யாருடையது, காணி உறுதி யார் பேரில், கோயில் திருவிழாவில் இந்த வீட்டுக்கு ஒரு நாள் உண்டா. அதை எழுதுங்கள், போதும்.

முகாம்களில் பல வருடம் வேலை செய்தவள் நான். இடம்பெயர்ந்தபோது எல்லாரும்தான் வந்தார்கள். வெளிநாட்டில் பிள்ளை இருந்தவர்கள் வாடகை வீடு எடுத்துப் போனார்கள். கூலிக்கு நின்றவர்கள் முகாமில் மிஞ்சினார்கள். ஆமி காணி விட்டபோதும் அதே கதைதான்: உறுதி உள்ளவர் திரும்பினார், அடுத்தவர் காணியில் குடியிருந்தவருக்குத் திரும்ப ஊர் இருந்தது, இடம் இல்லை. மிஞ்சியவர்கள் பெரும்பாலும் எந்த ஆக்கள் என்று அங்கே வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். எங்கள் படிவத்தில் வயது, பால், அங்கவீனம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, சாதிக்கு இல்லை. கட்டம் இல்லாதபடியால் பிரச்சினையும் இல்லை என்று மேலே அறிக்கை போனது. சரி, கட்டம் போட்டிருக்கலாமா என்றால் அதற்கும் பயம்தான். அந்தத் தாள் கந்தோர் மேசையில் திறந்து கிடக்கும்.

சமூகப்பணிப் புத்தகங்கள் எழுதிய நீல் தொம்சன் தனிமனிதம், பண்பாடு, கட்டமைப்பு என்று மூன்று வட்டத்தை ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுவார், படித்திருப்பீர்கள். "நான் ஒதுக்கவில்லை" என்பது உள்வட்டம். குறைந்த சாதி என்று வைத்த வீட்டில் ஊற்றிய தேத்தண்ணியை வந்தவர் குடிக்கமாட்டார் என்று மூடியோடு வரும் சோடா நடுவட்டம். காணி உறுதி வெளிவட்டம். சாதி பார்த்துக் கடையிலும் கோயிலிலும் மறிப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. வந்தும் என்ன, 1966இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போகவேண்டி இருந்தது. 1968இல் உள்ளே விடச்சொல்லி மாவிட்டபுரம் கோயில் வாசலில் நிற்கவேண்டி இருந்தது. மாவிட்டபுரம் உங்கள் களத்துக்குக் கிட்டத்தானே. தேத்தண்ணிக் கடைகள் ஒவ்வொன்றாக எல்லாருக்கும் திறந்தன. வீட்டுக் குசினிக்குள் எந்த ஊர்வலமும் போகவில்லை.

பதில்: கடைக்குப் போனவன்

அக்கா, நான் அந்தப் பெடியன். நீங்கள் போன வீட்டுப் பெடியன் இல்லை, வேறு முகாம், வேறு வருசம்.

ஆராவது பேனையும் கோப்புமாக வந்தால் அம்மா கண்ணைக் காட்டுவார். கடைக்காரர் கடன்கொப்பியில் எழுதுவார். குளிர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வரும்போது கை ஈரமாகும், ஒரு வாய் குடிக்க ஆசை வரும். மூடி திறந்திருந்தால் வந்த ஆக்கள் குடிக்கமாட்டார்கள் என்று எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். ஆரும் சொல்லித் தரவில்லை.

நீங்கள் ஒதுக்கவில்லை, சரி. ஒதுக்கக் கிடைக்காமல் அந்த அம்மா பார்த்துக்கொண்டார். தேத்தண்ணி ஊற்றித் தந்து, நீங்கள் "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்று சொல்லிவிட்டால், அதை ஆறவிட்டு வெளியே ஊற்றவேண்டும். அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட நெக்டோ மலிவு.

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அடுத்தமுறை தேத்தண்ணி கேட்டுக் குடித்துவிட்டு வகுப்பில் போய்க் கைதட்டு வாங்காதீர்கள். எங்கள் முகாமுக்கு அப்படி ஒரு சேர் வந்தவர். இரண்டு கோப்பை குடித்தார். போட்டோவும் எடுத்தார்.

பதில்: சோனகதெரு

தங்கச்சியின் பட்டியலில் 48, 56, 83 எல்லாம் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30 இல்லை. ஊரை விட்டுப் போக யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் தந்தது இரண்டு மணித்தியாலம். நான் புத்தளத்தில் வளர்ந்தவன். திரும்பி வந்து எந்தப் பதிவுக்குப் போனாலும் "நீங்கள் புத்தளம் ஆக்கள்தானே" என்றுதான் தொடங்குகிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. முழுப் புள்ளி போட்டவரையும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

கோப்பாய்ப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. முஸ்லிம்களை வெளியேற்றியது எழுதும்போது ஞாபகத்துக்கே வரவில்லை. மறைத்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருக்காது.

நேற்றுப் போனேன். படலையில் வைத்தே "அம்மா, தம்பியைக் கடைக்கு விடவேண்டாம், தேத்தண்ணி இருந்தால் தாங்கோ" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எவர்சில்வர் பேணியில் பிளேன்ரீ, நிறையச் சீனி. நான் குடித்து முடியும்வரை குசினி வாசலிலேயே நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பேணியைத் திருப்பி வாங்கும்போது குரலைக் குறைத்துக் கேட்டார்: "உங்கட அம்மாவுக்குத் தெரியுமோ?"

கடன் விபரம் முழுவதும் எழுதிவிட்டேன். இதை இன்னும் கொப்பியில் ஏற்றவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.