பிசியோதெரபியில் பார்த்த காட்சிகள்: முட்டிக்கடியில் தலையணை

கெடிலக்கரை பிசியோ:

முட்டிக்குச் செயற்கை மூட்டு மாத்தி அஞ்சாவது வாரம். அரியாங்குப்பத்துல இருந்து ஒரு அம்மா, மகளோட ஆட்டோவுல வந்தாங்க. டிஸ்சார்ஜ்ல சொல்லிக்கொடுத்த எக்சர்சைஸ் எல்லாம் நோட்டுல எழுதி, செஞ்சதுக்கு டிக் வேற அடிச்சிருந்தாங்க. மடக்கச் சொன்னா 100 டிகிரி வருது. சரி, நீட்டுங்கன்னா, கட்டிலுக்கும் முட்டிக்கும் நடுவுல முழுக் கையும் நுழையுது. அளந்து பார்த்தா முழுசா நீட்ட 15 டிகிரி பாக்கி. "அம்மாவுக்கு வலிக்கக் கூடாதுன்னு ராத்திரி பூரா முட்டிக்கடியில தலையணை வெச்சுதான் படுக்க வைக்கிறேன்"னு அந்தப் பொண்ணு பெருமையா சொன்ன முகம் இன்னும் போக மாட்டேங்குது.

மூட்டுக்குள்ள நீர் கோத்திருக்கறப்ப அரை மடிப்புலதான் அழுத்தம் கம்மி, அதனாலதான் தலையணை சுகமா இருக்கு. அந்த சுகத்துலயே கிடந்தா பின்பக்கத்துச் சவ்வும் தசையும் சுருங்கிடும். எல்லாரும் "எவ்வளவு மடங்குது"ன்னுதான் கேக்கறாங்க, நீட்டறதை யாரும் கேக்கறதில்ல. கால் முழுசா நீளலேன்னா நிக்கும்போதுகூட தொடை முன்தசைக்கு ஓய்வு கிடையாது. அஞ்சு நிமிஷம் நடந்தாலே களைச்சு, விந்தி விந்தி நடப்பாங்க.

செய்ய வேண்டியது: துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில வைங்க, முட்டி அந்தரத்துல நிக்கணும். 5 நிமிஷத்துல ஆரம்பிச்சு 10, 15ன்னு ஏத்துங்க, நாளைக்கு 3, 4 தடவை. அப்படியே தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அமுக்கி 5 எண்ணி விடுங்க, 10 தடவை. முடிஞ்சதும் ஐஸைத் துணியில சுத்தி 15 நிமிஷம். முதல் ரெண்டு வாரத்துல 90 டிகிரி மடக்கம், கூடவே முழு நீட்டம். ரெண்டுல ஒண்ணு தேங்கி நின்னா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம சொல்லிடுங்க.

ஓ.டி.காரன்:

"வலிக்கக் கூடாதுன்னு"தான் தப்பாப் போச்சுன்னு சொல்றீங்க. எதிர்ப்பக்கமும் பாருங்க. துறைமுகத்துல மீன் ஏலம் கூறுறவர் ஒருத்தர், சுகர் பேஷண்ட், தோள் இறுகிப் போய் மூணு மாசம். யாரோ மல்லாக்கப் படுக்க வெச்சுக் கையைப் பிடிச்சு ஒரே அழுத்தா தலைக்கு மேல கொண்டு போயிருக்காங்க. மறுநாள் வந்தப்ப வலது கையை இடது கையால ஏந்திக்கிட்டு, சட்டை பட்டன் போடாம நின்னாரு. ராத்திரி பூரா சுவத்துல சாஞ்சே உக்காந்திருந்தாராம்.

தோள் இறுக்கம் ஒரே மாதிரி நோய் இல்ல. முதல் கட்டத்துல வலிதான் பெருசு, அப்புறம் இறுக்கம் பெருசு, அப்புறம் மெதுவா இளகும். மொத்தத்துல ஒரு வருஷம், சிலருக்கு ரெண்டு மூணு வருஷம்கூட. வலிக் கட்டத்துல இழுத்தா வீக்கம்தான் கூடும். அப்போ மேசையில நல்ல கையை ஊனி, குனிஞ்சு, நோவற கையைத் தொங்க விட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டறது போதும். வலி அடங்கி இறுக்கம் மட்டும் நிக்கறப்பதான் 30 விநாடி பிடிச்சு நிறுத்தற நீட்டல்.

வலிக்கு ஒரு கணக்கு இருக்கு. பத்துக்கு நாலு அஞ்சு வரைக்கும் வலிக்கலாம், மறுநாள் காலையில பழைய நிலைக்கு வந்துடணும். 24 மணி நேரம் தாண்டியும் கூடுதலா இருந்தா அளவு அதிகம்னு அர்த்தம். எக்சர்சைஸை நிறுத்தாதீங்க, எண்ணிக்கையைப் பாதியாக்கிட்டு பிசியோகிட்ட சொல்லுங்க. இன்னொண்ணு: முழங்கையை விலாவோட ஒட்டி முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்க. அடுத்தவங்க திருப்பினாலும் போகலேன்னா இறுக்கம். அடுத்தவங்க தூக்கினா போகுது, தானா தூக்க முடியலேன்னா தசைநார் கிழிஞ்சிருக்கலாம், அது வேற வைத்தியம்.

கோரிமேடு நர்ஸ்:

ரெண்டு பேரும் டிகிரி கணக்குலயே நிக்கிறீங்க, முக்கியமானதை விட்டுட்டீங்க. முட்டி ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள் ஆன ஒரு தாத்தா. பேரன் உக்காந்து கெண்டைக்காலுக்குத் தைலம் போட்டு உருவி விட்டுக்கிட்டு இருக்கான். ஒரு கால் மட்டும் பளபளன்னு, தொட்டா சூடு. "எக்சர்சைஸ் செஞ்ச வலிதான், உருவினா போயிடும்"ங்கறாங்க வீட்ல.

ஆபரேஷன் ஆன கால் வீங்கறது சகஜம்தான். ராத்திரி கால் தூக்கி வெச்சும் காலையில குறையலேன்னா, கெண்டைக்கால் தனியா நோவுதுன்னா, டேப் எடுங்க. முட்டிச் சில்லுக்குக் கீழே துருத்தற எலும்பு மேட்டுல இருந்து 10 செ.மீ. இறங்கி ரெண்டு காலையும் சுத்தி அளங்க. 3 செ.மீ.க்கு மேல வித்தியாசம்னா ரத்தக்கட்டியான்னு ஸ்கேன்ல பார்த்தே ஆகணும். உருவக் கூடாது, ஒத்தடம் கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி. திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னா ஆட்டோ தேடாதீங்க, 108.

சொல்ல வந்ததே முதுகுவலிக்காரங்களுக்கும்தான். இடுப்புல இருந்து கால் வரைக்கும் இழுக்கறது பிசியோவுல பார்த்துக்கலாம். ஆனா உக்கார்ற இடம் மரத்துப் போச்சு, மூத்திரம் வரலை அல்லது தெரியாமலே போகுது, ரெண்டு காலும் வலுவில்லைன்னா அது எமர்ஜென்சி, மணிக்கணக்குல ஓடணும். பாதம் தூக்க முடியாம செருப்பு தரையில தேயுதுன்னா அன்னைக்கே டாக்டர். தையல் போட்ட இடத்துல புதுசா நீர் கசியறது, சிவப்பு பரவறது, காய்ச்சல் 100.4க்கு மேல, இது எதுக்கும் "பிசியோ வரட்டும்"னு காத்திருக்காதீங்க. கூச்சப்பட்டுக்கிட்டு மூத்திர விஷயத்தைச் சொல்லாம வர்றவங்கதான் அதிகம், அதான் இவ்ளோ நீட்டி எழுதறேன்.

லாஸ்பேட்டை:

ஓ.டி.காரன் அண்ணே, அளவு பத்திச் சொன்னீங்க, அளக்கறதே இல்லையே! கழுத்து வலிக்குப் பத்து நாள் போன ஒருத்தங்க: வரச் சொல்லுவாங்க, கழுத்துல கரண்ட் மெஷின் வெப்பாங்க, வெச்சவங்க போன் பார்ப்பாங்க, 15 நிமிஷத்துல பீப், வீட்டுக்கு. கழுத்தை இந்தப் பக்கம் திருப்புங்கன்னு ஒரு நாள்கூட யாரும் கேக்கலை.

கரண்ட் வலியைக் கொஞ்ச நேரம் மரக்கடிக்கும், அவ்வளவுதான். அந்தச் சந்துல எக்சர்சைஸ் செய்ய வெக்கறதுக்குத்தான் அது. முதல் நாளே எப்போ வலிக்குது, என்ன வேலை செய்யறீங்க, வேற என்ன வியாதின்னு கேக்கணும். அசைவையும் பலத்தையும் அளந்து எழுதணும். வீட்டுக்கு ரெண்டு மூணு பயிற்சி கொடுக்கணும். ரெண்டு மூணு வாரத்துல அளவு எதுவும் மாறலேன்னா "முதல் நாள் அளவு என்ன, இப்ப என்ன?"ன்னு கேளுங்க. கேக்கறது மரியாதைக் குறைவில்ல. படிச்ச பிசியோன்னா பி.பி.டி.ங்கற பிசியோதெரபிப் பட்டப்படிப்பு, அதோட பயிற்சியும் முடிச்சிருக்கணும். "மசாஜ் தெரியும்"ங்கறவர் பிசியோ ஆகிட மாட்டார்.

மெஷினுக்கு முன்னாடி நீங்களே சொல்ல வேண்டியது: பேஸ்மேக்கர் இருக்கு, உடம்புல ப்ளேட், ஸ்க்ரூ இருக்கு, சுகரால பாதம் மரத்திருக்கு. மரத்த பாதத்துல வெந்நீர் ஒத்தடம் வெச்சா கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும்.

பண்ருட்டி ரூட்:

மெஷினே இல்லாத ஊர்ல வேலை செய்யறவங்களுக்கு உங்க சண்டை வேடிக்கையா இருக்கு. பக்கவாதம் வந்த ஒருத்தரைக் கட்டில்ல இருந்து எழுப்ப, மருமகள் வாதம் வந்த கையையே பிடிச்சு இழுத்தாங்க. தோள் பந்துக்கு மேல ரெண்டு விரல் நுழையற பள்ளம். தசை பிடிக்காததால பந்து கீழே இறங்கியிருக்கு, இழுக்க இழுக்க இன்னும் இறங்கும், அப்புறம் தோள் வலியால எக்சர்சைஸே செய்ய முடியாது.

எழுப்பறப்ப கையைத் தொடாதீங்க. ரெண்டு முட்டியையும் மடக்கி, நல்ல பக்கமா ஒருக்களிக்க வெச்சு, தோள்பட்டை எலும்புக்குப் பின்னாடியும் இடுப்புலயும் பிடிச்சு உக்கார வைங்க. உக்காந்திருக்கறப்ப வாதக் கை மடியில தொங்கக் கூடாது, தலையணை மேல முன்கை முழுசும் கிடக்கணும்.

கடலூர் மாவட்டத்துல இருக்கவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் பத்திக் கேளுங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, வீட்டுக்கே வந்து பிசியோ செய்யறதும் அதுல உண்டு. அது தமிழ்நாட்டுத் திட்டம், எல்லை தாண்டி புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கம் செல்லாது. எல்லைக்கு அந்தப் பக்கத்துல இருந்து ரேஷன் கார்டோட வந்து நிக்கறவங்க இருக்காங்க, அதான் சொல்றேன்.

கெடிலக்கரை பிசியோ:

நர்ஸ் சொன்னது நியாயம், அதை நான் முதல்லயே எழுதியிருக்கணும். ரெண்டு பேர் உள்பெட்டியில கேட்டாங்க: வீக்கத்துக்குக் கால் தூக்கி வைக்கச் சொன்னாங்களே, தலையணை வைக்கலாமா கூடாதான்னு. வைக்கலாம். நீளவாக்குல, தொடையில இருந்து குதிகால் வரைக்கும் ரெண்டு தலையணை, முட்டி நேரா இருக்கற மாதிரி. முட்டிக்கு மட்டும் குறுக்கே ஒண்ணு வைக்கறதுதான் ஆகாது.