நம்ம வீட்டு குரூப்

யாழினி: மாமா, காலேஜ்ல ஆப் ப்ராஜெக்ட் குடுத்துருக்காங்க. ஆப் எழுதுறதுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போட்டேன். அதுல எமுலேட்டர், அதான் ஸ்க்ரீன்லயே வர்ற டம்மி போன், அதத் தொறந்தாலே லேப்டாப் அப்படியே நின்னுடுது 😭

அம்மா: புது லேப்டாப் வேணுமாம்டா. நேத்துல இருந்து இதே பாட்டு

மாமா: அக்கா, அவசரப்படாத. பாப்பா, ரேம் எவ்ளோ?

யாழினி: 8 ஜிபி. எஸ்எஸ்டி இல்ல, பழைய ஹார்ட் டிஸ்க்

மாமா: அதான் விஷயம். ஸ்டுடியோவுக்கு மட்டுமே கூகுள் குறைஞ்சது 8 ஜிபி கேக்குறான். எமுலேட்டரும் சேர்ந்தா 16. நீ எமுலேட்டர் பக்கமே போகாத, உன் போன்லயே ஓட்டிப் பாரு

யாழினி: போன்லயா? எப்படி?

மாமா: செட்டிங்ஸ்ல அபவுட் போன் போய் பில்ட் நம்பர 7 தடவ தட்டு. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதுல யுஎஸ்பி டீபக்கிங்க ஆன் பண்ணிட்டு கேபிள் மாட்டு, அப்பதான் ஸ்டுடியோ உன் போன்ல ஆப்ப ஓட்டும்

சித்தப்பா: அப்படித் தட்டுனா வாரண்டி போயிடாதா?

மாமா: போகாது. வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடணும், அவ்ளோதான். சில பேங்க் ஆப் அது ஆன்ல இருந்தா தொறக்காது

யாழினி: ஜாவா தனியா போடணுமா?

மாமா: வேணாம், ஸ்டுடியோ கூடவே வருது. யூடியூப்ல பழைய வீடியோ பாத்துட்டு கண்டதையும் போடாத

யாழினி: மாட்டிட்டேன். சார்ஜ் மட்டும் ஏறுது, ஸ்டுடியோல போனே காட்டல

அண்ணா: பவர் பேங்க் கேபிளா அது? சிலதுல டேட்டா போகாது. போன் பாக்ஸ்ல வந்தத எடு

யாழினி: வந்துடுச்சு!!! போன்ல பெர்மிஷன் கேட்டுச்சு, அலோ குடுத்தேன். ஆப் ஓடுது 🥳

மாமா: சூப்பர். இப்ப டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், மெமரி பாரு. ஸ்லாட்ஸ் யூஸ்டுன்னு என்ன இருக்கு?

யாழினி: 1 ஆஃப் 2

மாமா: அக்கா, ரேம் மாட்டுற ஸ்லாட் ஒண்ணு காலியா இருக்கு. இன்னொரு 8 ஜிபி போட்டு, ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி மாட்டச் சொல்லு. புதுசு வாங்குற காசுல பாதி கூட ஆகாது

அம்மா: அப்பாடா 🙏

அத்தை: என் ஐபோன்லயும் வருமா கண்ணு?

மாமா: அதுக்கு ஆப்பிளோட எக்ஸ்கோடு சாஃப்ட்வேர் வேணும், அது மேக்ல மட்டும்தான் ஓடும். ஆப் ஸ்டோர்ல போடணும்னா ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர் வேற. கூகுள் பிளேவுக்கு ஒரே தடவ 25 டாலர்

யாழினி: அப்ப பிளே ஸ்டோர்ல உடனே போட்டுடலாமா?

மாமா: புதுசா பெர்சனல் அக்கவுண்ட் தொறந்தா முதல்ல 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்டரா, அதான் ஆப்ப சோதிச்சுப் பாக்குறவங்களா, இருக்கணும்

சித்தப்பா: இந்த குரூப்லயே 13 பேர் இருக்கோமே

அண்ணா: அத்தை ஐபோன், அத கழிங்க

யாழினி: கரெக்டா 12! எல்லாரும் ஜிமெயில் ஐடி அனுப்புங்க. நடுவுல யாரும் வெளிய போகக் கூடாது

சித்தப்பா: ஜிமெயில் பாஸ்வேர்டும் அனுப்பணுமா?

அம்மா, மாமா, அண்ணா: வேணாம்!!