ஹேண்ட் பிரேக்கை வீட்டிலேயே சரிசெய்யலாமா? கோணேசர் ஏற்றத்தில் தொடங்கிய வாக்குவாதம்

உவர்மலைவாசி
போன வெள்ளிக்கிழமை அம்மாவைத் திருகோணமலை கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் ஏறுகிற வழியில் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மேலே வரை இழுத்துவிட்டு இறங்கினேன். கியரில் விடவில்லை, அது என் பிழை. அம்மா கதவைத் திறந்து ஒரு காலை நிலத்தில் வைத்த நேரம் கார் பின்னுக்கு நழுவத் தொடங்கியது. பாய்ந்து ஏறி பெடலை மிதித்தேன். ஒரு முழம்தான் போயிருக்கும். ஆனால் அம்மாவின் கை அன்று இரவு வரை நடுங்கியது.

கார் டொயோட்டா கொரோலா 121, கியர் வண்டி. பின்னால் டிரம் பிரேக்: சில்லோடு சுற்றுகிற இரும்பு டிரம்முக்குள் இரண்டு ஷூ விரிந்து பிடிக்கும். இந்த ஒரு வருடத்தில் 3 தடவை கராஜுக்குக் கொண்டுபோனேன். 3 தடவையும் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் கேபிள் நட்டை இறுக்கித் தந்தார்கள், 10 நிமிட வேலை. சில மாதத்தில் பழையபடி தளர்ந்துவிடும். அதனால் இந்த முறை நானே டிரம்மைக் கழற்றினேன். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை, அதாவது லைனர், இன்னும் 3 மில்லிமீட்டர் இருக்கிறது. இரண்டு ஷூவுக்கும் நடுவில் இருந்து, லைனர் தேயத் தேய ஷூவை டிரம்முக்குக் கிட்டத் தள்ளுகிற அட்ஜஸ்டரின் பல்லுச் சில்லுதான் துருப்பிடித்து, கையால் திருப்ப முடியாமல் இறுகிக் கிடந்தது. கழற்றி, துருவைத் தேய்த்து, மரைக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ் வைத்துப் பூட்டினேன். இப்போது லீவர் 7 கிளிக்கில் பிடிக்கிறது. என் கேள்வி: இதை ஏன் நாம் கற்றுக்கொள்ளக் கூடாது?

கராஜ்காரன்
19 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், தம்பி. டிரம்மைத் திறக்காமல் கேபிளை இறுக்கித் தந்தது பிழையான வேலைதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதற்காக எல்லோரையும் வீட்டில் பிரேக்கைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

என்னிடம் வந்தவற்றைச் சொல்கிறேன். ஒருவர் முன் சில்லில் டிஸ்க் தட்டை அமுக்கிப் பிடிக்கிற பேடைத் திருப்பிப் பூட்டி, இரும்புப் பக்கம் டிஸ்க்கில் உரச, 2 நாள் ஓடியிருக்கிறார். இன்னொருவர் டிரம்மைக் கழற்றி வைத்திருக்கும்போது, தம்பி ஒருவன் உள்ளே ஏறி பெடலை மிதித்துவிட்டான். ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து, ஒயில் முழுக்க லைனரில். மூன்றாமவர் பிரேக் ஒயில் குறைந்துவிட்டது என்று எஞ்சின் ஒயிலை ஊற்றினார். உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டது. பெடலை மிதித்தால் ஒயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து ஹோஸ் வரை மாற்ற வேண்டி வந்தது. அன்புவழிபுரம் சந்தியில் சைக்கிளோடு நிற்கும் பிள்ளைக்கு உங்கள் ஆர்வம் தெரியாது.

உவர்மலைவாசி
அண்ணன், நீங்கள் சொன்ன மூன்றுமே தெரியாமல் செய்தவை. அதற்கு மருந்து தெரிந்துகொள்வதுதானே? பேடின் எந்தப் பக்கம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு தடவை பார்த்தால் போதும்.

நான் செய்ததைச் சொல்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். சமதரையில் நிறுத்தி, முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். ஹேண்ட் பிரேக்கோடு வேலை என்பதால் அதை விட்டுத்தான் ஆக வேண்டும், அப்போது காரைப் பிடிப்பது அந்தக் கட்டைகள் மட்டும்தான். பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கினேன். ஜாக்கை நம்பிக் கீழே கை வைக்கவில்லை. டிரம் இலகுவாக வரவில்லை. அதன் முகத்தில் இரண்டு மரை ஓட்டை இருக்கும். அதில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி இறுக்க, தானாகவே தள்ளிக்கொண்டு வந்தது. தூசியை ஊதவில்லை, ஈரத் துணியால் துடைத்தேன். பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

பிறகு கேபிள் நட்டை முழுதாகத் தளர்த்திவிட்டு, முதலில் ஷூவைச் சரிசெய்தேன். டிரம்மைப் போட்டுச் சுற்றினால் லேசாக உரசுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு. பெடலைப் பல தடவை மிதித்த பிறகுதான் கேபிள் நட்டுக்கே போனேன்.

கராஜ்காரன்
வரிசை சரி. ஷூ முதலில், கேபிள் கடைசியில். இதை மாற்றிச் செய்வதால்தான் பாதி வண்டிகள் கெடுகின்றன. கேபிளை மட்டும் இறுக்கினால் உள்ளே இருக்கும் நெம்புகோல் முழுதாகத் திரும்பி வராது. பல கார்களில் அது திரும்பி வந்தால்தான் அட்ஜஸ்டர் ஒரு பல் முன்னுக்கு நகரும். ஆக, இறுக்க இறுக்கத் தானாகச் சரியாகிற வேலையே நின்றுபோகும்.

ஆனால் ஒன்று. டிரம்மின் உள்விட்டம் அளந்தீர்களா? எவ்வளவு தேயலாம் என்ற அளவு டிரம்மிலேயே பொறித்திருக்கும். அதை மீறினால் லைனர் புதிதானாலும் பயன் இல்லை. இதை நீங்கள் எழுதவில்லை, ஏனென்றால் அளக்கவில்லை. இதைத்தான் சொல்கிறேன்: கை சுத்தமாக வேலை செய்தாலும், தெரியாத இடம் எது என்று தெரியாது.

நிலாவெளி வான் டிரைவர்
இரண்டு பேரும் உப்பை மறந்துவிட்டீர்கள். இங்கே கடற்காற்று கேபிளின் உறைக்குள்ளும் போகும். மாரி மழையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து 4 நாள் விட்டால் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். நான் மழைக்காலத்தில் சமதரையில் கியரில் போட்டு, சில்லுக்குக் கட்டை வைத்துத்தான் நிறுத்துவேன்.

வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு ஹபரணை வீதியில் போகிறவன் நான். இருட்டில் யானை வீதியில் நிற்கும். பேடின் தடிப்பைச் சில்லு இடைவெளியால் டோர்ச் அடித்து மாதம் ஒருமுறை பார்ப்பேன், 3 மில்லிமீட்டருக்குக் கீழே விடமாட்டேன். பிரேக் ஒயிலை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற வகை பிரேக் ஒயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140. கொதித்தால் ஆவி, ஆவி என்றால் பெடல் தரைக்குப் போகும். பார்ப்பது வீட்டில், கழற்றுவது கராஜில். என் வழி அது.

கிண்ணியா டீச்சர்
என் காரில் லீவரே இல்லை, பட்டன்தான். இதையும் வீட்டில் செய்யலாமா?

கராஜ்காரன்
வேண்டாம் டீச்சர். பின் பிஸ்டனை மோட்டர் தள்ளுகிறது. அந்த மோட்டரை பேட் மாற்றுகிற நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனை உள்ளே அழுத்தினால் மோட்டரும் கியரும் உடையலாம்.

உவர்மலைவாசி
டிரம்மை இன்று அளந்தேன். கராஜ்காரன் அண்ணன் சொன்ன அளவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் வேறொன்று கண்டேன். கன்னியா வரை போய்த் திரும்பி வந்து 4 சில்லுகளையும் கிட்ட கை வைத்துப் பார்த்தேன். பின் இடது சில்லு மட்டும் கொதிக்கிறது. தூக்கிச் சுற்றினால், ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்ட உடனே இறுக்கமாக நின்று, சிறிது நேரம் கழித்துத்தான் விடுகிறது. வலது பக்கம் உடனே விடுகிறது.

கராஜ்காரன்
அது அட்ஜஸ்டர் இல்லை, இடது கேபிள். வான்காரர் சொன்ன உப்புதான். உறைக்குள் துரு ஏறி, கம்பி இழுபடும், திரும்பாது. எண்ணெய் விட்டால் சில நாள் நன்றாக இருக்கும், பிறகு இன்னும் மோசமாகும். மாற்ற வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எடுப்பதானால் பழைய கேபிளின் நீளத்தையும் இரண்டு முனையின் வடிவத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், 121 இலேயே வகை உண்டு. இதை வீட்டில் செய்யாதீர்கள்.

உவர்மலைவாசி
நான்தான் மாற்றப்போகிறேன், அண்ணன். ஆனால் உங்கள் கராஜில், நீங்கள் பக்கத்தில் நிற்க. கூலியை முழுதாகத் தருகிறேன்.

கராஜ்காரன்
ஞாயிறு காலை 8 மணிக்கு வாருங்கள். அதுவரை ஹேண்ட் பிரேக்கைத் தொடாதீர்கள். கியரில் விட்டு, கட்டை வையுங்கள். அம்மாவை ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.