டெம்பரமென்டுக்குத் தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

ஏற்காடு டீச்சர்: வணக்கம். வளரிளம் பருவப் பிள்ளைகள் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு, வியாழன் சேலத்தில் அச்சுக்குப் போகிறது. படைப்பாற்றல், நுண்ணறிவு இரண்டிலும் சிக்கல் இல்லை, டெம்பரமென்டில்தான், அதாவது பிள்ளையோடு கூடப்பிறந்த போக்கைச் சொல்லும் சொல்லில்தான், மாட்டிக்கொண்டேன். கெட்செல்ஸ், ஜாக்சன் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் 1962-இல் வெளியிட்ட சிகாகோ ஆய்வில், நுண்ணறிவில் முந்திய பிள்ளைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 150, படைப்பாற்றலில் முந்தியவர்களுக்கு 127. பள்ளிப் பாடத்தில் இரு கூட்டமும் சமம்தான், ஆனாலும் வாத்தியார்களுக்குப் பிடித்தது 150. ஏன் என்று சொல்லப் போனால் இந்தச் சொல் வேண்டும். 'குணம்' என்று போட்டால் நல்ல குணம், கெட்ட குணம் என்று அதற்கும் மார்க் போட்டுவிடுவார்கள்.

குகை புலவர்: 'இயல்பு' இருக்க ஏன் அலைய வேண்டும்? 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்.' குறள் 452.

அஸ்தம்பட்டி: ஐயா, அந்தக் குறளில் சேர்கிற கூட்டத்தால் அறிவு மாறுகிறது. இங்கே கேட்பது கூடப்பிறந்ததை. இயல்பும் இப்போது நார்மலுக்குப் போய்விட்டது, 'இவன் இயல்பு வேறு' என்றால் பெற்றோர் டாக்டரைத் தேடுவார்கள். டெம்பரமென்டின் லத்தீன் மூலத்துக்குக் கலப்பது என்று பொருள். அந்தக் கால ஐரோப்பிய வைத்தியர்கள், உடம்பில் நான்கு நீர்கள் கலந்திருக்கும் அளவைத்தான் அப்படிச் சொன்னார்கள், நம் வாத பித்த கபம் போல. உடல்வாகு என்கிறோமே, அதே வழியில் மனவாகு.

புலவர்: மனம் வடசொல். உளவாகு.

அஸ்தம்பட்டி: உளவுத்துறை ஆகிவிடும் ஐயா.

அம்மாப்பேட்டை: தறிக்காரன் ஒன்று சொல்லலாமா? பாவு, தறியில் நீளவாக்கில் ஓடும் இழை. பாவடியில், அதாவது பாவு போடும் இடத்தில், அதை நீட்டும்போதே இழை எத்தனை, நிறம் என்ன என்பது முடிந்துபோகும், அப்புறம் குறுக்கே ஓடும் ஊடையில் என்ன வேலை காட்டினாலும் அதன் மேல்தான். அண்ணன் மகன் பத்தாவதில் கணக்கில் தோற்றவன், இன்று சிவதாபுரத்தில் கொலுசுக்குப் புது டிசைன் போடுகிறான், ஆனால் கொடுத்த டிசைனை அப்படியே செய்யச் சொன்னால் மட்டும் செய்ய மாட்டான். புத்தி குறைவு இல்லைங்க, அவன் பாவு அப்படி.

டீச்சர்: அவர் சொன்னதை உதாரணமாகப் போடுகிறேன், ஊர் பெயர் இல்லாமல். ஆனால் தறி பார்க்காத டீச்சர் பாவு என்றால் பாவம் என்று வாசிப்பார்.

அஸ்தம்பட்டி: சரி, மனவாகுக்கு எத்தனை பேர்?

டீச்சர்: நாலு பேர். அதிலும் ஒருவர், விவாதம் முடிந்தால் போதும் என்றுதான் கை தூக்கினார். சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் 'மனவாகு, அதாவது சுபாவம்' என்று போடுகிறேன்.

புலவர்: சுபாவமுமா! நன்றியுரையில் என் பெயர் வேண்டாம்.