அத்தான் படுத்த பிறகு மருமகன்தான் கடையைப் பாக்கான்: எவ்வளவு பாரம் ஏத்தலாம்?

கேள்வி – முருகன்குறிச்சிக்காரன்

அக்கா மகனுக்கு 16 வயசு, ப்ளஸ் ஒன் படிக்கான். அத்தான் பக்கவாதத்துல படுத்துட்டாவ. பலசரக்குக் கடையை அக்காவும் அவனும்தான் பாக்காவ. காலைல 5 மணிக்குத் திறந்தா ராத்திரி 10 ஆகும் அடைக்க. "கஷ்டப்பட்டாத்தான் ஆளாவான், விடுங்க"ன்னு சொந்தக்காரங்க சொல்லுதாவ. பயல் கணக்குல சூட்டிகைன்னும் இப்பதான் தெரியுது. எதை அவன்கிட்ட விடலாம், எதை விடக்கூடாது?

பதில் 1 – பொருநைக்கரை

அண்ணாச்சி, கஷ்டம் தன்னால யாரையும் ஆளாக்காது. ஹவாயில் கவாய் தீவில் 1955ல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர்ங்கிற உளவியல் ஆய்வாளரோட குழு பல பத்து வருஷம் தொடர்ந்து கவனிச்சது. வறுமை, பெற்றோர் நோய், வீட்டுச் சண்டைன்னு பல சுமை சேர்ந்த பிள்ளைகளில் மூணில் ஒரு பங்குதான் பெரிய சிக்கல் இல்லாம நிமிர்ந்தது. அந்தப் பிள்ளைகள் பலருக்கும் கைவிடாத பெரியவர் ஒருத்தராவது இருந்தார். வீட்டுக்கு நிஜமாவே தேவைப்பட்ட ஒரு பொறுப்பும் பலர் கையில இருந்தது.

அதனால எல்லா வேலையிலயும் பாதிப் பாதி கொடுக்காம, ஒரு வேலையை முழுசா கொடுங்க. கணக்கு வருதுன்னா பற்று நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, பற்று, வரவு, பாக்கின்னு நாலு கட்டம். ராத்திரி உக்காந்து மொத்தமா எழுதினா கால் கிலோ சீரகம் யாரு வாங்கினான்னு நினைவு இருக்காது. சரக்கு கை மாறும்போதே எழுதணும். ஞாயித்துக்கிழமை பாக்கி மொத்தத்தைக் கூட்டி அக்காகிட்ட காட்டணும். யாருக்கு எத்தனை ரூபாய் வரை கடன்ங்கிற வரம்பை அவனே எழுதட்டும். அக்கா பார்த்து ஒத்துக்கிட்டா, ஆள் முன்னாடி வச்சு அதை மாத்தக்கூடாது. மாத்தினா அடுத்த வாரமே அவன் நோட்டைத் தூக்கிப் போட்டுருவான். முடிவெடுக்கிற உரிமை இல்லாத வேலை வெறும் எடுபிடிதான், அதுல எந்தத் திறமையும் வெளிய வராது.

பதில் 2 – சமாதானபுரம்

மேல சொன்னது சரி. நேரக் கணக்கையும் சேர்த்துக்கிடுங்க. இந்த வயசுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேணும். காலை 5 மணிக்கு அவன் எழும்பினா ராத்திரி 9க்குள்ள படுத்திருக்கணும். கடையோ 10க்குத்தான் அடைக்கு. ஆகவே காலைக் கடை அவனுக்கு வேண்டாம். சாயங்காலம் 6 முதல் ஏழரை போதும். பரீட்சை வாரத்துல அதுவும் கிடையாது. இல்லேன்னா முதல்ல மார்க் இறங்கும், "படிப்பு வரலை"ன்னு ஊர் முத்திரை குத்திரும். உண்மையில வராம இருந்தது தூக்கம்.

அவன்கிட்ட விடக்கூடாதது ரெண்டு. வட்டிக்காரர் வந்து சத்தம் போடும்போது கல்லாவுல அவன் நிக்கக்கூடாது. அது பெரியவங்க பாடு. அத்தானுக்குச் சிகிச்சை என்ன, செலவுக்கு என்ன செய்யன்னு முடிவு பண்ற பாரமும் அவனுக்கு வேண்டாம். ஆனா நிலவரத்தை மறைக்காதீங்க. தெரியாத பயம்தான் பிள்ளைகளைக் கூடுதலா அரிக்கும்.

பதில் 3 – ரதவீதி

இந்த மாதிரி இழைகள்ல யாராவது வ.உ.சி.யை இழுப்பாங்க, அதனால முன்கூட்டியே சொல்லிருதேன். செக்கு அவரை உருவாக்கலை. 1906லேயே கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச வக்கீல் அவர். 1912ல் சிறையை விட்டு வெளிய வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் தொழிலும் இல்லை. துன்பம் அவர்கிட்ட இருந்து பறிச்சதுதான் அதிகம்.

திறமை விஷயத்துக்கு வாரேன். கணக்கு மட்டும்தான்னு முடிவு கட்டிராதீங்க. சொல்லாமலே எதைச் செய்யுதான்னு ஒரு மாசம் பாருங்க. சரக்கை இடம் மாத்தி அடுக்குதானா, மொத்த வியாபாரிகிட்ட விலை கேட்டுப் பேசுதானா, ரிப்பேரான எலக்ட்ரானிக் தராசைப் பிரிச்சுப் பாக்கானா? ஆனா நெருக்கடியில எல்லாரும் ஓடத்தான் செய்வாங்க. நிலைமை கொஞ்சம் தணிஞ்ச பிறகும் எதை விடாம செய்யுதானோ அதுதான் நிஜ நாட்டம்.

முருகன்குறிச்சிக்காரன்

நல்லா விளங்குச்சு. ஒண்ணு விட்டுப்போச்சு: இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுதான். இது சும்மா களைப்பா?

சமாதானபுரம்

ஒரு வாரம் தூக்கத்தைச் சரி பண்ணிப் பாருங்க. எரிச்சலோட சாப்பாடு குறையுறது, கூட்டாளிகளை ஒதுக்குறது, பிடிச்ச விளையாட்டையும் விடுறதுன்னு ரெண்டு வாரம் நீடிச்சா களைப்புன்னு விடாதீங்க. வளர்ற வயசுல மனச்சோர்வு அழுகையா வராம எரிச்சலாவும் வரலாம். அரசு மனநல உதவி எண் 14416க்கு அடிங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். நேர்ல பாக்கணும்னா பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. செத்துப்போறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாலும் ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.